நிலுவை

தாராபுரத்திலிருந்து வெள்ளக்கோவில் போகும் பஸ்ஸில்
சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே நழுவியிருக்கிறது.
"மேடம், மவுலீஸ்வரன் பேசறனுங்.
கலெக்சன் டேப்பத் தொலச்சுப்போட்டனுங்."
அவன் குரலுக்குப் பின்னால்
கரூர் கரூர் என்று யாரோ கூவினார்கள்.

சரவணம்பட்டி, ஆறாவது மாடி, ஏசி.
தொலைந்ததைத் தேடித் தருவதல்ல என் வேலை.
எங்கே கிடந்தாலும்
உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கட்டும் என்று
இங்கிருந்தே துடைப்பது.
வரிசை எண் கேட்டேன், ஊழியர் எண் கேட்டேன்,
போலீஸில் எழுதிக் கொடுத்தாயா என்றேன்.
அதற்குமேல் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குமேல் கட்டமில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பெண்களின் ஆதார்,
ரேகை, வீட்டு வாசலில் நிற்கவைத்து எடுத்த படம்.
நிச்சயமா என்று ஒருமுறை கேட்கும்.
நிச்சயம் என்று அழுத்தினால்
மீட்க முடியாது, நிச்சயமா என்று மறுபடி கேட்கும்.
இரண்டாவது தடவை நான் படிப்பதில்லை.

டேப் அணைந்து கிடந்தது எங்கேயோ.
ஆணை போய்ச் சேரவில்லை.
திரையில் ஒரே சொல்: நிலுவையில்.
எங்கள் கம்பெனியில்
அந்தச் சொல்லுக்கு இன்னொரு பட்டியலும் உண்டு.

ராத்திரி மூன்று பன்னிரண்டுக்கு
காங்கேயம் தாண்டி ஒரு கொப்பரைக் களத்தில்
பச்சைப் புள்ளி முளைத்திருக்கிறது.
பதினோரு விநாடி.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
காலையில் மெயில் சொன்னது: வெற்றி.

"அழிஞ்சிருச்சுங்களா?"
அழிஞ்சிருச்சுப்பா, பயப்படாதே,
கணக்கெல்லாம் சர்வரில் பத்திரம்.
"கணக்கு சரிங்...
அதுல நோட்டு ஒண்ணு போட்டு வெச்சிருந்தனுங்."

நினைவிலிருந்து சொன்னான், விட்டு விட்டு:
பாவாயக்கா மில்லுல ராத்திரி ஷிப்ட்,
பத்து மணிக்கு மேல கதவத் தட்டு.
ரங்கநாயகி, மாடு கன்னு போடற வரைக்கும் கேக்காதே.
கண்ணாத்தா, புருசன் முன்னால தொகையச் சொல்லாதே.
ஓலப்பாளையம் கடைசி வீட்டு நாய்
கொலைக்கும், கடிக்காது.
"இன்னும் இருந்துச்சுங். மூணு வருசத்து நோட்டுங்."

கம்பெனி டேப்பில் சொந்தக் குறிப்பு கூடாது என்றேன்.
"தெரியுமுங்" என்றான்.

அதற்குள் சென்டர் சென்டராகச் சேதி ஓடியிருந்தது.
டேப்பே போயிருச்சாமா, அப்ப நம்ம கடனு?
ஒருத்தி மாகாளியம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டாளாம்.
செவ்வாய்க்கிழமை குறுஞ்செய்தி போனது எல்லோருக்கும்,
பைசா சுத்தமாக.

வியாழன் மதியம் கிளைக்கு வந்தார்
களத்துக் காவல்காரர் ஆறுச்சாமி,
துண்டில் சுற்றிய டேப்போடு.
"பஸ்ஸுல கெடந்துச்சுங். அணஞ்சிருந்துச்சு.
சார்ஜ் போட்டா ஆரு எவடம்னு தெரியும்,
கூப்பிட்டுக் குடுத்தரலாம்னு போட்டு வெச்சனுங்.
சித்தெ நேரம் என்னமோ ஓடுச்சு,
அப்பறம் வணக்கம்னு வந்துச்சு.
நானும் வணக்கம்னேன்."

மேனேஜர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.
டேப் என்னிடம் வந்தது.
ஓரத்தில் தேங்காய் எண்ணெய் வாடை.
மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்றது.
கோப்பை மூட ஒரு காரணம் வேண்டும்:
திருட்டு, இழப்பு, இரண்டில் ஒன்று.
திரும்பி வந்ததற்கு அங்கே சொல் இல்லை.
இழப்பு என்று போட்டேன்.

மவுலீஸ்வரனை அந்தியூருக்கு மாற்றிவிட்டார்கள்.
வெள்ளக்கோவிலுக்குப் புது ஆள், சுறுசுறுப்பு,
ஏழு மணிக்கே தெருவில் நிற்கிறான்,
செயலி காட்டுவதை உரக்கப் படிக்கிறான்.

நேற்று அவன் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன்.
கண்ணாத்தாளைப் பற்றிச் சொல்லத்தான்.
எந்த விதிப்படி, யார் சொல்லி, எனக்கெப்படித் தெரியும்?
நாக்கு வரைக்கும் வந்தது.

"ஓலப்பாளையம் கடைசி வீட்டு நாய் கடிக்காது" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"ஆருங் பேசறது?"